மீன்தொட்டிக்கு ஒரு கூரை

கூரையில்லாத வீட்டிற் குடியிருக்க எவரும் விரும்பார். ஆயினும், கூடத்தின் ஒரு மூலையிலே கண்ணாடித் தொட்டி வைத்து, அதிற் பல நிற மீன்களை விட்டுக் கண்டு களிப்போருட் பலர், அத்தொட்டிக்கும் ஒரு கூரை வேண்டுமென்பதை எண்ணுவதில்லை. எண்ணுவோருஞ் சிலர், கிடைத்த பலகைத் துண்டொன்றை மேலே வைத்து மூடிவிடுகின்றனர். முதல் வகையினர் காலையில் எழுந்து பார்க்கும்போது மீன் தரையிற் கிடக்கும். இரண்டாம் வகையினர் சில மாதங்களிற் பலகை வளைந்து கறுத்து நாறுவதைக் காண்பர். இவ்விரு துன்பமுமின்றி, வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு மர மேற்கூட்டின் அமைப்பை இவ்வாரம் நாம் ஆராய்வோம். தச்சுவேலையிற் சிறிது பழக்கமுள்ள பெரியவர் ஒருவரும், அளவெடுக்கவும் அரத்தாள் தேய்க்கவும் ஆர்வமுள்ள மாணவர் இருவரும் சேர்ந்தாற் சில விடுமுறை நாட்களில் இதனைச் செய்து முடிக்கலாம்.

கூடு செய்யப் புகுமுன், அது எதற்காக என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மேற்கூடு மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியது. மீனை உள்ளே வைத்திருத்தல் ஒன்று. விளக்கைத் தாங்கி, அதன் ஒளி பார்ப்பவர் கண்ணிற் படாது நீரில் மட்டும் விழச் செய்தல் இரண்டு. பல்லி, கரப்பான், பூனையின் கை, குழந்தையின் கை என்பன உள்ளே புகாமற் காத்தல் மூன்று. ஆனால், இம்மூன்றையும் செய்யும்போதே காற்றையும் வெப்பத்தையும் நீராவியையும் அது தடுத்து நிறுத்தலாகாது. அடைக்க வேண்டியதை அடைத்து, விட வேண்டியதை விடுவதே நல்ல மேற்கூட்டின் இலக்கணம். பின்வரும் அளவுகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறந்தவை.

மீன் ஏன் துள்ளுகின்றது?

தொட்டியிலுள்ள மீன் துள்ளுவதற்குப் பல காரணங்களுண்டு. ஒன்றையொன்று துரத்துதல், திடீரென விளக்கை ஏற்றுதல் அல்லது அணைத்தல், நீர் கெட்டுப்போதல், ஒட்சிசன் குறைதல் என்பன அவற்றுட் சில. இவற்றுக்கும் மேலாக, சில இனங்களுக்குத் துள்ளுதல் பிறவிக்குணம். கோடையில் வற்றும் குட்டைகளிலும் சிற்றோடைகளிலும் வாழும் மீனுக்கு, இருக்குமிடத்தை விட்டு வேறிடம் தேடத் தெரிந்திருத்தல் உயிர் காக்கும் கலையாகும்.

இதற்குச் சிறந்த சான்று நம் குளங்களிற் காணப்படும் பனையேறி மீன். செவுள்மூடிகளை ஊன்றி ஊன்றித் தரையில் நகர்ந்து, ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வல்லது அது. தரங்கம்பாடியில் 1791ஆம் ஆண்டு பனைமரமொன்றின் பட்டை வெடிப்பிலிருந்து இம்மீனைத் தம் கையாற் பிடித்ததாக, டால்டோர்ஃப் என்னும் டேனிஷ் படையதிகாரி எழுதிய செய்தி, 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டிற் பதிவாயிற்று. மீன் மெய்யாகவே மரமேறுமா என்பதிற் பின்வந்த அறிஞர் ஐயங் கொண்டனர். ஆயினும், அது தரையில் நடப்பதில் ஐயமில்லை.

இலங்கைக்கே உரிய சிறுமீன்களுட் சிலவும் துள்ளுவதிற் பேர் போனவை. 1937இல் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் அறிவியல் உலகுக்கு விவரித்த மல்புலுத்தா என்னும் அழகிய மீன், விரற்கடையளவு இடைவெளி கிடைத்தாலும் வெளியே பாயக்கூடியது. ஆற்றில் அருகிவரும் இத்தகைய மீன்களைப் பிடித்துவந்து வளர்த்தல் தகாது. கடைகளிற் சாதாரணமாகக் கிடைக்கும் வாள்வால் மீனும், டானியோவும், சண்டை மீனுங்கூட அவ்வாறே துள்ளக்கூடியவைதாம். எனவே, துள்ளாத மீன் என்று நம்பித் தொட்டியைத் திறந்து வைத்தல் விவேகமன்று.

மரத்தின் பகை

மரத்தாலான மேற்கூட்டுக்கு நீரைவிட நீராவியே பெரும் பகையாகும். நீர் தெறித்தால் ஒரு துணியால் துடைத்துவிடலாம். நீராவியோ இரவும் பகலும் ஓயாது மேலெழுந்து, பலகையின் உட்புறத்திற் குளிர்ந்து துளித்துளியாய்ப் படிந்து, மரத்தின் நுண்துளைகள் வழியே உட்புகுகின்றது. மாரி காலத்திற் கதவுகள் இறுகுவதையும், சோழகக் காற்று வீசுங் காலத்தில் அதே கதவுகள் தளர்வதையும் நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். மரம் தன் நீளத்திற் பெரும்பாலும் மாறுவதில்லை. அகலத்திலேயே பருத்துச் சுருங்குகின்றது. ஒரு புறம் ஈரமும் மறு புறம் உலர்வுமாக இருக்கும் அகன்ற பலகை வளையாமல் என் செய்யும்? ஆகவே, 17 அங்குல அகலமுள்ள மேற்பகுதியை ஒரே மரப்பலகையாற் செய்தல் கூடாது. அவ்விடத்துக்கு நீர் தாங்கும் பசையால் ஒட்டிய கடற்றர ஒட்டுப்பலகையே ஏற்றது. அதன் படைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது எத்திசையிலும் அதிகம் விரிவதில்லை.

முன்னும் பக்கங்களும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றுக்கு நல்ல மரம் வேண்டும். தேக்கு சிறந்தது. ஆனால், அதிலுள்ள இயற்கை எண்ணெய் பசையைப் பற்றவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் மூட்டுகளைத் துடைத்துக்கொள்ளல் வேண்டும். மகோகனி வேலைக்கு எளியது. நம் நாட்டிற் கைக்கெட்டும் மரமாகிய பலா, வைரம் பாய்ந்ததாயின் கறையானுக்கும் எளிதில் இடங்கொடாது. நாட்செல்லச் செல்லப் பொன்னிறம் மாறிச் செந்நிறமாய் அழகு பெறும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பலா வைரத்திலிருந்தே பௌத்த பிக்குமாரின் ஆடைக்கு மரபாகச் சாயங் காய்ச்சினர். வார்னிஷ் பூசாத பலாப் பலகையிலிருந்து துளி சொட்டினால், அச்சாயம் தொட்டி நீரையும் மஞ்சளாக்கும். ஆதலின், பலாவில் ஓரங்குலமும் பூச்சின்றி விடுதல் கூடாது.

மரம் வாங்கும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்: இம்மரத்துக்குப் பூச்சிமருந்து பூசப்பட்டுள்ளதா? புதுத் தளபாடங்களுக்குக் கறையான் மருந்தடித்தல் பலவிடத்தும் வழக்கம். அம்மருந்துகளிற் பயன்படும் பைரெத்ராய்ட் வகை நஞ்சு, மனிதருக்குக் குறைவாகவும் மீனுக்கு மிகக் கொடிதாகவும் இருப்பது. நீரில் மிகச் சிறிதளவு கலந்தாலும் மீன் மடியும். செம்பு கலந்த மருந்தூட்டிய மரமும் வேண்டாம். இறாலும் நத்தையும் செம்பைத் தாங்கா. நுளம்புக்குத் தெளிக்கும் மருந்துகளிலும் இந்த நஞ்சு இருப்பதனால், மேற்கூடு இருக்கின்றதே என்ற துணிவில் அவற்றைத் தொட்டியருகே தெளித்தலும் ஆகாது.

அளவும் அமைப்பும்

எடுத்துக்காட்டாக, பலர் வீட்டிலும் காணத்தக்க 3 அடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியளவு நீளம் 36 அங்குலம், அகலம் 15 அங்குலம், உயரம் 18 அங்குலம். விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நீர் நின்றால் ஏறத்தாழ 130 லீற்றர் கொள்ளும். வேறளவுத் தொட்டி வைத்திருப்போர், தம் தொட்டியை அளந்து, அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்க. கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல், இரு முனைகளிலும் நடுவிலுமாக மூன்றிடத்தில் அளத்தல் நன்று.

மேற்கூடு, அடிப்பலகையில்லாத ஒரு பெட்டி. அது தொட்டியின் விளிம்பைச் சூழ்ந்து 1 அங்குலம் கீழிறங்கி நிற்கும். அதனால் விளிம்பு மறைவதோடு, கூடு பக்கவாட்டில் நழுவுவதுந் தவிர்க்கப்படும். நாற்புறமும் கால் அங்குலம் தளர்வு விடல் வேண்டும். இன்றேல் மாரியில் மரம் பருத்துத் தொட்டியை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே உள்ளளவு 36½ அங்குலமும் 15½ அங்குலமும் ஆகும். முக்கால் அங்குலத் தடிப்புப் பலகை கொண்டாற் வெளியளவு 38 அங்குலமும் 17 அங்குலமுமாம்.

இதற்கு வேண்டிய துண்டுகள் வருமாறு. முன்பலகை 38 அங்குல நீளமும் 7 அங்குல உயரமுமாக ஒன்று. பக்கப்பலகைகள் 15½ அங்குல நீளமும் 7 அங்குல உயரமுமாக இரண்டு. பின்பலகை 38 அங்குல நீளமும் 4 அங்குல உயரமுமாக ஒன்று. மேற்பகுதிக்கு அரை அங்குல ஒட்டுப்பலகை, 38 அங்குல நீளத்தில், 12 அங்குல அகலம் ஒன்றும் 5 அங்குல அகலம் ஒன்றுமாக இரண்டு. இவற்றோடு, முக்கால் அங்குலச் சதுரச் சட்டம், 36½ அங்குலத்தில் ஒன்றும் 14¾ அங்குலத்தில் இரண்டும் வேண்டும்.

பின்பலகை ஏன் 4 அங்குலம் மட்டும் என்று மாணவ நேயர்கள் வினவலாம். அது மேல்விளிம்போடு பொருந்தி நிற்க, கீழே 3 அங்குலம் திறந்திருக்கும். அதில் 1 அங்குலம் தொட்டி விளிம்புக்குக் கீழே போக, எஞ்சிய 2 அங்குலம் காற்றுக்கும், குழாய்களுக்கும், மின்வடங்களுக்கும் வழியாகும். பக்கப்பலகைகளின் மேற்பகுதியிலும் 1 அங்குல விட்டமுள்ள துளைகள் மூன்று மூன்றாக இட்டு, உட்புறத்தே நைலோன் வலை ஒட்டிவிட்டால், சூடான காற்று மேலே நின்று தேங்காமல் வெளியேறும். துளையும் வலையுமின்றிக் கட்டிய கூடு அடுப்பின் மேல் மூடிய சட்டி போன்றது.

சதுரச் சட்டங்களே தொட்டியின் மேற் கூட்டைத் தாங்குபவை. முன்பலகையிலும் பக்கப்பலகைகளிலும், கீழ்விளிம்பிலிருந்து சரியாக 1 அங்குலம் மேலே அவற்றின் அடிப்புறம் நிற்குமாறு ஒட்டித் திருகாணி இடுக. மூன்று சட்டங்களும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தாற் கூட்டின் பாரம் முழுவதும் கண்ணாடியின் ஒரு புள்ளியில் விழும். சட்டத்தின் அடியில் மெல்லிய இறப்பர் நாடா ஒட்டுதல் நன்று.

மூட்டுதல்

புறாவால் மூட்டு இடத் தெரிந்தவர் அவ்வாறே செய்க. அதனினும் உறுதியும் அழகும் உடையது வேறில்லை. தெரியாதவர், பக்கப்பலகைகளின் முனைகளை முன், பின் பலகைகளின் உட்புறத்தோடு பொருத்தி, பசையிட்டுத் திருகாணி முடுக்கலாம். ஆனால், பலகையின் வெட்டுமுனையில் திருகாணி நன்றாகப் பிடிப்பதில்லை. எனவே, உள்மூலை நான்கிலும் ஒரு சிறு மரக்கட்டையை ஒட்டி, இரு பலகைகளுக்கும் அதனூடே திருகாணி இடல் வேண்டும். திருகாணிகளுக்கு முன்னதாகச் சிறு துளையிட்டுக் கொண்டால் மரம் பிளவாது. திருகாணியும் பிணைச்சலும் துருவேறா உருக்கினாலானவையாக இருக்கட்டும். இரும்பாயின் விரைவிலே துருவேறி, அத்துரு நீரில் வழியும். பசையும் நீர் தாங்கும் வகையாக இருத்தல் வேண்டும். சாதாரண வெண்பசை ஈரத்தில் இளகிவிடும். மூட்டிய உடனே மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மூலைவிட்டம் இரண்டையும் அளக்க. இரண்டும் சமமாயின் பெட்டி கோணாது நிற்கின்றது என்று பொருள். வடிவியற் பாடத்தில் மாணவர் கற்ற உண்மை இங்கே கைக்கொடுக்கும்.

மேற்பகுதியில், பின்னுள்ள 5 அங்குலப் பலகை அசையாது பதிக்கப்படும். முன்னுள்ள 12 அங்குலப் பலகை அதனோடு பிணைச்சலாற் பூட்டப்பட்டு மேல்நோக்கித் திறக்கும். உணவிடவும், கண்ணாடி துடைக்கவும், செடி நடவும் இதுவே வாயில். பலாவாற் செய்த இக்கூடு சுமார் 8 கிலோ நிறையிருக்கும். ஒவ்வொரு முறையும் அதனை முழுதாகத் தூக்கி இறக்குதல் அறிவுடைமையன்று. பிணைச்சல் சுவரிலிருந்து 5 அங்குலம் விலகி இருப்பதால், தொட்டியைச் சுவரோரம் வைத்திருந்தாலும் கதவு தடையின்றி நிமிரும். திறந்த கதவு தானே விழுந்து சிறுவர் விரலை நசுக்காதிருக்க, இரு பக்கமும் சிறு சங்கிலி பூட்டி, நேர்நிலைக்குச் சற்றுப் பின்னே சாய்ந்து நிற்கச் செய்க. அழகு வேண்டுவோர் மேல்விளிம்பைச் சுற்றிக் கொடுங்கை போன்ற ஒரு வளைவுச் சட்டம் ஒட்டலாம். அது ஒட்டுப்பலகையின் வெட்டு விளிம்பையும் மறைக்கும்.

நடுவே ஒரு கண்ணாடி

இந்த அமைப்பின் உயிர்நிலை, நீருக்கும் மரத்துக்கும் இடையே வைக்கும் கண்ணாடித் தகடாகும். தொட்டியின் உட்புறத்தே, விளிம்புக்கு அரை அங்குலம் கீழாகச் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, அவற்றின்மேல் 4 மில்லிமீற்றர் கண்ணாடித் தகடுகள் இரண்டை அருகருகே கிடத்துக. தகட்டின் ஓரங்களைக் கடையிலேயே தேய்த்து வாங்கிக்கொள்ளல் வேண்டும். குளியலறைக்கென விற்கும் பூஞ்சணங் கொல்லும் மருந்து கலந்த சிலிக்கோனைத் தவிர்க்க. எழும் நீராவியிற் பெரும்பகுதி இக்கண்ணாடியிற் படிந்து மீண்டும் தொட்டிக்குள்ளேயே சொட்டிவிடும். மரமும் விளக்கும் உலர்ந்திருக்கும்.

ஆனால், இங்கேயும் முழுதாக அடைத்துவிடல் ஆகாது. பின்பக்கமாக 2 அங்குல இடைவெளி விட்டு, அதனை நைலோன் வலையால் மூடுக. நீர்ப்பரப்பில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது அமையும். காற்றுக்கு வழி ஏன் இத்துணை முக்கியம்? நீர் சூடேறச் சூடேற அது தன்னிற் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறைகின்றது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிக்கிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7.6 மில்லிக்கிராம் மட்டுமே. சூட்டில் மீனின் மூச்சுத் தேவையோ கூடுகின்றது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைமை போன்றது இது.

நீர் ஆவியாவதும் வீணன்று. மண்பானை நீரைக் குளிர்விப்பது எவ்வாறோ அவ்வாறே தொட்டி நீரும் ஆவியாதலாற் குளிர்கின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேராதாயின், நம் 130 லீற்றர்த் தொட்டியை 4 பாகைக்கு மேற் குளிர்விக்க அது போதும். எனவே, கண்ணாடித் தகட்டின் அளவிலேயே வலை கட்டிய மரச்சட்டம் ஒன்றையுஞ் செய்து வைத்துக்கொள்க. சித்திரை மாத வெக்கையில் தகடொன்றை எடுத்துவிட்டு அச்சட்டத்தை வைக்கலாம். அப்போது நீர் விரைவிற் குறையும். வேண்டிய நீரை வார்த்துக் கொண்டாற் போதும். சண்டை மீன், குறாமி போன்றவை நீரின் மேலே வந்து வளியை விழுங்கி மூச்சுவிடுபவை. ஆகவே, எப்போதும் நீருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரங்குலத்துக்குக் குறையாத வெளி இருத்தல் வேண்டும்.

பூச்சு

பூச்சு வேலையில் அவசரம் ஆகாது. முதலில் 120 இலக்க அரத்தாளாலும் பின் 220 இலக்க அரத்தாளாலும் மரத்தின் இழை சென்ற வழியே தேய்த்துத் தூசி துடைக்க. பொலியுரேதேன் வார்னிஷை மெல்லியதாக மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நன்கு உலரவிட்டு, இலேசாகத் தேய்த்துக்கொள்க. வெட்டுமுனைகள் வைக்கோலின் வாய் போன்று நீரை உறிஞ்சுபவை. அவற்றுக்கு ஒரு பூச்சு மிகையாக வேண்டும். திருகாணித் துளைகளும் காற்றுத் துளைகளின் உள்வட்டமும் பலரால் மறக்கப்படும் இடங்கள். மரம் அழுகத் தொடங்குவதும் அங்கேதான். உட்புறம் முழுவதும் வெண்ணிற எனாமல் பூசினால் ஒளி சிதறி நீருக்குத் திரும்பும்.

பூசி முடிந்ததும் கூட்டைத் தொட்டியின் மேல் வைத்துவிட மனம் விரையும். வைத்தலாகாது. நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு வாரமாவது விட்டு, மூக்கை உள்ளே வைத்து மோந்து பார்க்க. வார்னிஷின் மணம் சிறிதேனும் இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க. நாம் மணக்கும் அந்த ஆவி, நீரின் மேல் அடைபட்டுத் தங்கும் என்பதை நினைவிற் கொள்க.

விளக்கும் ஆபத்தும்

முற்காலத்திற் குண்டு மின்குமிழும், பின்னர் குழல் விளக்கும் தொட்டிகளுக்குப் பயன்பட்டன. அவற்றின் சூடு கூட்டுக்குள்ளே தேங்கி நீரையும் சூடாக்கிற்று. இன்று எல்.ஈ.டி. விளக்குகள் அத்துன்பத்தைப் பெரிதுங் குறைத்துவிட்டன. விளக்கை ஒரு மெல்லிய மரச்சட்டத்திற் பூட்டி, பக்கப்பலகைகளின் உட்புறத்தே ஒட்டிய இரு தாங்கிகளின் மேல், முன்பக்கம் சற்றுச் சார்ந்திருக்குமாறு கிடத்துக. தொட்டியிற் கைவிடும்போது அதனை எடுத்து வைத்துவிடலாம். ஒளி முன்னிருந்து விழுந்தால் மீனின் நிறம் நமக்குத் தெளிவாகத் தெரியும். பின்னிருந்து விழுந்தால் மீன் நிழலுருவாகவே தோன்றும். நாளொன்றுக்கு 8 மணி நேர ஒளி போதும். அதற்கு மேற்பட்டாற் பாசி பெருகும்.

இக்கட்டுரையிற் பிற யாவற்றையும் மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று வலுவுடையது. நீரும் உப்பும் ஈரக்கையும் உள்ள இடத்தில் அது உயிருக்கே இறுதியாகலாம். ஆகவே, 12 வோல்ற்றில் எரியும் விளக்கையே தேர்ந்து, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியைக் கூட்டுக்கு வெளியே, தொட்டிக்குக் கீழல்லாத உலர்ந்த இடத்தில் வைக்க. விளக்கு நீர்புகாத வகையினதாக, ஐ.பி. 65 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறி உடையதாக இருக்கட்டும். தொட்டியிலிருந்து வரும் மின்வடம் நேரே குதைக்குச் செல்லாமல், குதையை விடத் தாழத் தொங்கி, வளைந்து மேலேறிச் செல்ல வேண்டும். அப்போது வடத்தின் வழியே வழியும் நீர், வளைவின் அடியிற் சொட்டிவிடும், குதையினுட் புகாது. ஒரு காசும் செலவில்லாத இந்த வளைவு, உயிர்காக்கும் வளைவாகும்.

இவற்றோடு, வீட்டின் மின்னிணைப்பில் 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் இருக்கின்றதா என்று பாருங்கள். அதனையே மக்கள் ‘ட்ரிப் சுவிச்’ என்பர். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்தி, அது வேலை செய்கின்றதா என்று அறிந்துகொள்க. இல்லாத வீட்டில், தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு அதனைப் பொருத்திய பின்னரே தொட்டிக்கு விளக்கு ஏற்றுக. நீரிற் கைவிடுமுன் செருகிகள் யாவற்றையும் கழற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே பழக்கிவிடல் வேண்டும். பெரியவர் செய்யாததைப் பிள்ளை செய்யாது. ஆதலின், முதலில் நாமே அதனைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பொருத்திய பின்னர்

கூடு பொருத்துவதற்கு முன் மூன்று நாளும், பொருத்திய பின் மூன்று நாளும், நண்பகலில் நீரின் வெப்பத்தை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வைக்குமாறு மாணவரிடம் கூறுங்கள். பின்னைய அளவு முன்னையதை விட ஒரு பாகைக்கு மேல் உயர்ந்திருந்தால், வலைச்சட்டத்தை வைக்க, துளைகளையுங் கூட்டுக. மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து வாய் திறந்து திணறினால், அளவை எதிர்பாராது உடனே கதவைத் திறந்து காற்றுக்குமிழி பாய்ச்ச வேண்டும். மாதமொருமுறை கூட்டின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க. ஈரமாயிருந்தாற் கண்ணாடித் தகடு விலகியிருக்கும், அல்லது காற்று வழி அடைபட்டிருக்கும். பூச்சு வெடித்த இடங் கண்டால், கூட்டை இறக்கி, அவ்விடத்தைத் தேய்த்துப் பூசி, மணம் நீங்கிய பின் மீண்டும் வைக்க.

கடையில் வாங்கும் பிளாஸ்திக் மூடி இவ்வளவு உழைப்பின்றிக் கிடைக்குமே என்று சிலர் கூறக்கூடும். கிடைக்கும், தேவையான அளவில் அது பொருந்துமாயின் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், தொட்டியை அளந்து, மரத்தின் இயல்பறிந்து, காற்றுக்கும் வெப்பத்துக்கும் வழி கணித்து, தன் கையாற் கூடு செய்த மாணவன், நீர் எவ்வாறு ஆவியாகின்றது, மரம் எவ்வாறு மூச்சுவிடுகின்றது, மின்சாரத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பவற்றைப் புத்தகத்திலன்றிக் கண்ணெதிரே கற்றுக்கொள்கிறான். அக்கல்வி அவனை விட்டு நீங்காது. அவன் செய்த கூட்டின் கீழே நீந்தும் மீன்களுக்கோ, வேலைப்பாட்டின் அழகு தெரியாது. இரவிற் துள்ளினாலும் காலையில் நீரிலேயே இருப்பது ஒன்றுதான் அவை அறியும் நன்மை. நமக்கும் அதுவே போதும்.